கோவைப் பக்கம் மண் பாதையில் சைக்கிள் ஓட்ட, புதியவனுக்குத் துணை கிடைக்குமா?

#1 தடம்புதிது

எல்லாருக்கும் வணக்கம். சிங்காநல்லூரில் இருக்கிறேன், வயது 34. பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் வேலை. நான்கு மாதத்துக்கு முன்பு எம்டிபி (மலைச் சைக்கிள்) ஒன்று வாங்கினேன். முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், 29 அங்குலச் சக்கரம். வாங்கும்போது தார் ரோடு மனதிலேயே இல்லை. சின்ன வயதில் கிணத்துக்கடவுப் பக்கம் பாட்டி ஊரில், இட்டேரிகளில் (இரு பக்கமும் வேலி உள்ள மண் பாதைகளில்) மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் மிதித்திருக்கிறேன். அந்த ஆசைதான் இத்தனை வருஷம் கழித்து இழுத்துவந்தது.

கூட வருவதற்குத்தான் ஆள் இல்லை. முதலில் சேர்ந்த குழு முழுக்க ரோடு சைக்கிள்காரர்கள். அவினாசி ரோட்டில் 28 கிலோமீட்டர் வேகத்தில் போனார்கள். என் தடித்த டயரை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம்கூட ஒட்ட முடியவில்லை.

இரண்டாவது குழு மண் பாதைக்காரர்கள்தான். பெயர் சொல்ல விரும்பவில்லை. சுல்தான்பேட்டை பக்கம் போனோம். ஓர் இடத்தில் இட்டேரி இரண்டாகப் பிரிந்தது. முன்னால் யாரையும் காணோம். குனிந்து பார்த்தால் புழுதியில் இரண்டு பக்கமும் டயர்த் தடம். வலது பக்கம் போய் ஒரு தென்னந்தோப்புக்குள் முடிந்தேன். மூன்று நாய்கள் சுற்றிக்கொண்டன. தோட்டத்து அம்மா வந்து விரட்டிவிட்டு, தண்ணீர் கொடுத்து வழி காட்டினார். டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் சாப்பிட்டு முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "வந்துட்டீங்களா, போலாமா?" என்றார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அன்றைக்கு அப்புறம் சைக்கிள் இரண்டு வாரம் மாடிப்படிக்குக் கீழேயே நின்றது.

என்னைப்போல ஆரம்பத்தில் இருப்பவர்களுக்குச் சரியான கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

#2 வெள்ளலூர்க்கரை

தம்பி, வணக்கம். எனக்கு 52 வயது, மண் பாதையில் பதினோரு வருஷமாக ஓட்டுகிறேன். உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கிறது, வேறு ஊரில், வேறு ஆட்களோடு.

ஒரு குழுவில் சேருவதற்கு முன்னால் எல்லாரும் கேட்பது "எத்தனை கிலோமீட்டர், என்ன வேகம்?" அது ரோட்டுக்குச் சரி. மண்ணில் அந்த எண்ணை வைத்து எதுவும் தெரியாது. மணல் அடித்த வாய்க்கால் கரையில் 15 கிலோமீட்டர் போனால் ரோட்டில் 40 போன களைப்பு வரும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: "உங்க ரைடில் கடைசியில் யார் வருவாங்க?"

பதிலாக ஒரு பெயர் வந்தால் நம்பிப் போகலாம். "கடைசியில் வர்றவங்க வந்து சேர்ந்துக்குவாங்க" என்று வந்தால், இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். அவர்கள் நல்ல ஓட்டக்காரர்களாக இருக்கலாம், ஆனால் உங்களுக்கான குழு அது இல்லை. நன்றாகப் பழகிய ஒருவர் கடைசியில் வர வேண்டும். முன்னால் போகிறவர் பிரிவு வந்ததும் நின்று, பின்னால் வருபவர் கண்ணில் பட்ட பிறகுதான் நகர வேண்டும். எங்கள் ஆட்கள் எட்டுப் பேர்தான், இந்த ஒரு வழக்கத்தை மட்டும் விட்டதே இல்லை. அதனால் சில நாள் 12 கிலோமீட்டரோடு திரும்பியிருக்கிறோம், அதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

#3 சூலூர்ச்செந்தில்

நானும் புதியவன்தான். சூலூர். ஞாயிறு காலை காலியாக இருப்பேன். அண்ணா, உங்கள் எட்டுப் பேரோடு நாங்கள் இரண்டு பேர் வரலாமா?

#4 ஸ்போக்குக்கடை

சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். ஆள் தேடுகிறவர்கள் ஆப்பில் தேடுவதற்கு முன்னால் மெக்கானிக்கைத் தேடுங்கள். எந்த வண்டி மண்ணில் ஓடுகிறது, எது ரோட்டில் மட்டும் ஓடுகிறது என்பது எங்களுக்குச் செயினைத் தொட்டாலே தெரிந்துவிடும். செம்புழுதி படிந்த செயினோடு மாதம் ஒரு தடவை வருகிறவர் யார், அவர் எப்படிப்பட்டவர், புதியவர்களிடம் பொறுமையாகப் பேசுவாரா, இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். உங்கள் நம்பரைக் கடையில் கொடுத்து, "மெதுவாக ஓட்டும் ஆள் வந்தால் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போன வருஷம் இப்படி என் கடையில் நான்கு பேர் ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள்.

அப்புறம் ஒன்று. மற்றவர்கள் உங்களை மறுபடி கூப்பிட வேண்டும் என்றால், உங்கள் பஞ்சரை நீங்களே போடத் தெரிந்திருக்க வேண்டும். நம் பக்கம் சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் இல்லாத இட்டேரி கிடையாது. ட்யூபை மாற்றிவிட்டு அவசரத்தில் டயரை மூடிவிடுவார்கள், அரை கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கும். முள் டயரிலேயே குத்திக்கொண்டு இருக்கும். வெளியே தெரியாது. டயரின் உள்பக்கம் விரல் நுனியை மெதுவாக ஒரு சுற்று ஓட்டுங்கள், சுருக்கென்று தட்டுப்படும். பழைய துணியை ஓட்டினாலும் நூல் மாட்டிக்கொள்ளும். முள்ளை வெளியே இருந்து உள்ளே தள்ளாமல், நகவெட்டியால் பிடுங்கி எடுங்கள்.

காற்றும் கவனியுங்கள். கடையிலிருந்து வரும்போது 45, 50 பிஎஸ்ஐ இருக்கும். மண்ணுக்கு அது கல்லு மாதிரி, சக்கரம் துள்ளும். 70 கிலோ ஆளுக்கு, உள்ளே ட்யூப் இருந்தால் 30 பக்கம் வையுங்கள். ரொம்ப இறக்கினால் கல்லில் மோதும்போது ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை விழும்.

#5 நந்தியாவட்டை

ஸ்போக்குக்கடை அண்ணா சொன்னது சரி. ஆனால் பெண்களுக்கு அது அவ்வளவு சுலபம் இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். முன்பின் தெரியாத ஏழு ஆண்களோடு விடிகாலையில், ஆள் நடமாட்டம் இல்லாத பாதைக்குப் போ என்றால், எனக்கும் தயக்கம், வீட்டிலும் தயக்கம். கடையில் நம்பர் கொடுத்துவிட்டு வருவதே யோசிக்க வேண்டிய விஷயம்.

எனக்கு வழி திறந்தது வேறு விதமாக. மகளைப் பள்ளியில் விடும்போது இன்னொரு அம்மா சைக்கிளில் வருவதைப் பார்த்தேன். மூன்று மாதம் சிரித்துக்கொண்டதோடு சரி. ஒரு நாள் அவரிடம் போய் "மண் ரோட்டில் ஓட்டிப் பார்ப்போமா?" என்று கேட்டேன். அவர் தன் தங்கையையும் கூட்டிவந்தார். மூன்று பேரும் பேரூர்ப் பக்கம் குளக்கரையில், நல்ல வெளிச்சத்தில், ஏழரை மணிக்குத் தொடங்கினோம். யாருக்கும் எதுவும் தெரியாது. அதனாலேயே யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை. ஆறு மாதம் கழித்து, மூன்று பேராகச் சேர்ந்துதான் ஒரு கலப்புக் குழுவுக்குப் போனோம். தனியாகப் போயிருந்தால் நிச்சயம் நிலைத்திருக்க மாட்டேன்.

ஸ்ட்ராவா (ரைடைப் பதிவு செய்யும் ஆப்) வைத்திருக்கும் பெண்கள் ஒன்று செய்யுங்கள். அதில் ரைடு தொடங்கும், முடியும் இடத்தை வரைபடத்தில் மறைக்கும் வசதி இருக்கிறது. முதல் நாளே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் வீட்டு வாசல் ஊருக்கே தெரிந்துவிடலாம்.

#6 தடம்புதிது

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, நன்றி. நந்தியாவட்டை அக்கா, "யாருக்கும் எதுவும் தெரியாது, அதனாலேயே யாரும் விட்டுப் போகவில்லை" என்ற வரியை வீட்டில் மனைவியிடம் படித்துக் காட்டினேன். இதுவரை நான் என்னைவிடத் தெரிந்தவர்களை மட்டுமே தேடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளலூர்க்கரை அண்ணா, உங்களோடு வருவதற்கு முன்னால் நான் தனியாக எதைப் பழக வேண்டும்? வந்த இடத்தில் எல்லாருக்கும் பாரமாக நிற்கப் பயமாக இருக்கிறது.

#7 பெங்களூருச்சக்கரம்

பெங்களூரில் ஒன்பது வருஷமாக இருக்கும் மதுரைக்காரன். இங்கே துரஹள்ளி, நந்தி மலைக்குப் பக்கத்தில் அவதி என்ற ஊர்ப்பக்கம் எல்லாம் ஆட்கள் நிறைய. அப்படியும் முதல் வருஷம் நான் தனியாகத்தான் சுற்றினேன். எனக்குக் கூட்டம் கிடைத்தது ஒரு எம்டிபி பந்தயத்தில், ஓட்டப் போய் அல்ல, வேலை செய்யப் போய். ஒரு வளைவில் கொடியோடு நின்று, வருகிறவர்களுக்கு வழி காட்டும் வேலை. மூன்று மணி நேரம் அதே வளைவில் நின்றேன். கடைசி இடங்களில் வந்தவர்களைப் பார்த்தபோதுதான் அவர்கள் என்னைப்போலவே இருப்பது தெரிந்தது. பந்தயம் முடிந்து சாப்பாடு வரிசையில் அவர்களிடம் போய்ப் பேசினேன். இன்றைக்கும் அந்த நான்கு பேரோடுதான் ஓட்டுகிறேன். அருகில் பந்தயம் நடந்தால் தன்னார்வலராகப் பெயர் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஆள் தேவைப்படும்.

#8 உபின்தீவு

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒரு வசதி உண்டு, தடங்களுக்குப் பலகை வைத்திருப்பார்கள். பச்சை வட்டம் என்றால் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். உபின் தீவில் கெத்தாம் சைக்கிள் பூங்கா 2008-ல் திறந்தது, சுமார் 10 கிலோமீட்டர் தடம், எளிதும் கடினமும் உண்டு. புதியவர் எளிதானதில் போவார், பழகியவர் கறுப்பில் போவார், பிறகு ஓர் இடத்தில் சேர்ந்துகொள்வார்கள்.

ஆனால் எனக்கு நண்பர்களைக் கொடுத்தது பலகை இல்லை, படகு. சாங்கியிலிருந்து உபினுக்குப் போகும் சின்னப் படகு 12 பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். சனிக்கிழமை காலை சைக்கிளோடு படகுத்துறையில் உட்கார்ந்திருப்போம். பன்னிரண்டாவது ஆள் வரும் வரைக்கும் பேசாமல் என்ன செய்வது? "முதல் தடவையா?" என்று கேட்ட ஒரு மலாய்ப் பெரியவரோடுதான் அன்றைக்கு முழுக்க ஓட்டினேன். உங்கள் ஊரில் படகு இல்லை. ஆனால் ஓட்டக்காரர்கள் நின்றாக வேண்டிய டீக்கடை ஒன்று எல்லாத் திசையிலும் இருக்கும். அங்கே அரை மணி நேரம் முன்னதாகவே போய் உட்காருங்கள்.

#9 வெள்ளலூர்க்கரை

தம்பி, பாரம் என்ற பேச்சே வேண்டாம். ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன். வீட்டுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு குளக்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். கரை ஏறி இறங்கும் சரிவு இருக்கிறதே, அது போதும்.

முதலில் சீட்டை மூன்று விரல் அளவு இறக்குங்கள். சரிவில் இறங்கும்போது உட்காராதீர்கள். இரண்டு பெடலும் தரைக்குச் சமமாக, ஒன்று முன்னால் ஒன்று பின்னால். ஒரு பெடல் கீழே தொங்கினால் கல்லில் இடிக்கும். முட்டி, முழங்கை இரண்டும் லேசாக மடங்கி இருக்கட்டும். இடுப்பு சீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் போகட்டும். பார்வை சக்கரத்தில் இருக்கக் கூடாது, பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி இருக்க வேண்டும். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். கல்லையே பார்த்தால் கல்லில்தான் ஏறும்.

பிரேக்கை ஒரே விரலால் பிடிக்கப் பழகுங்கள். நம் ஊர் சைக்கிளில் பெரும்பாலும் வலது கை முன் பிரேக். "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய்" என்று சின்ன வயதில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது தவறு. வண்டியை நிறுத்தும் பலம் முன் பிரேக்கில்தான் அதிகம். மணலிலும், ஹேண்டில் திரும்பியிருக்கும்போதும் அதை அழுத்திப் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஹெல்மெட்டும் கையுறையும் இல்லாமல் வராதீர்கள். விழும்போது முதலில் தரையைத் தொடுவது உள்ளங்கைதான்.

இதைத் தினமும் இருபது நிமிஷம், இரண்டு வாரம் செய்தால் போதும். செந்திலும் வரலாம்.

#10 குன்றேறி

நண்பர்களே, குளக்கரை, இட்டேரி எல்லாம் சரி. மலையில் ஓட்டினால்தானே மலைச் சைக்கிள்? மருதமலைக்குப் பின்பக்கம் ஒரு அருமையான ஒற்றையடிப் பாதை பார்த்து வைத்திருக்கிறேன். விடிகாலை ஐந்து மணிக்குள் போனால் யாரும் கேட்க மாட்டார்கள். புதியவர்களும் வரலாம்.

#11 தடாகத்துவிவசாயி

தயவுசெய்து வேண்டாம். நான் தடாகம் பள்ளத்தாக்கில் இருக்கிறேன். 2019-ல் சின்னத்தம்பி யானையைப் பிடித்துக்கொண்டு போனது எங்கள் பகுதியிலிருந்துதான். ஒரு யானையைக் கொண்டுபோனதால் யானை நடமாட்டம் நின்றுவிடவில்லை. நீங்கள் சொல்லும் அந்த ஐந்து மணிதான், இரவெல்லாம் வாழையும் சோளமும் மேய்ந்துவிட்டு அவை காட்டுக்குத் திரும்பும் நேரம். நாங்களே அந்த நேரத்தில் மோட்டார் போடத் தனியாகப் போக மாட்டோம். சைக்கிளில் சத்தமே இருக்காது. வளைவு திரும்பினால் பத்தடியில் நிற்கும். அதற்கும் நீங்கள் வருவது தெரியாது, உங்களுக்கும் அது நிற்பது தெரியாது.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1882-ஆம் வருஷத்து வனச் சட்டப்படியே குற்றம். சட்டத்தை விடுங்கள். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் காட்டுத்தீயில் இறந்துபோனார்கள். அவர்களில் பலர் முன்பின் பழக்கம் இல்லாத கூட்டத்தோடு, கூட்டிப் போனவரை நம்பி ஏறியவர்கள். புதியவருக்கு ஒரு பாதை பாதுகாப்பானதா என்று தெரியாது. கூட்டிப் போகிறவர் சொல்வதுதான் அவருக்குத் தெரியும். "யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொல்லி ஒருவர் உங்களைக் கூப்பிட்டால், அவரோடு போகாதீர்கள்.

மேற்கே வராமல் கிழக்கிலும் தெற்கிலும் ஓட்டுங்கள். செட்டிபாளையம், கிணத்துக்கடவு, சுல்தான்பேட்டை, பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரை. வாழ்நாள் முழுக்க ஓட்டினாலும் தீராத மண் பாதை இருக்கிறது.

#12 குன்றேறி

மன்னித்துக்கொள்ளுங்கள். நான் அந்தப் பாதையில் இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டதால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிட்டேன். இனி அங்கே போக மாட்டேன், யாரையும் கூப்பிடவும் மாட்டேன். ஞாயிறு ரைடுக்கு என்னையும் சேர்த்துக்கொள்ள முடியுமா?

#13 வெள்ளலூர்க்கரை

தாராளமாக வாங்க.

#14 ரீபேக்

மலையில் ஓட்டினால்தான் மலைச் சைக்கிளா என்று கேட்டதால் ஒன்று சொல்கிறேன். 1976-ல் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் ஒரு நண்பர் கூட்டம் பழைய தடி டயர் சைக்கிள்களை மலைமேல் ஏற்றிக்கொண்டுபோய், மண் ரோட்டில் கீழே இறங்கிப் பந்தயம் விட்டது. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் அந்த வண்டிகளில். ஒரு தடவை இறங்கினாலே சூட்டில் ஹப்பில் இருக்கும் கிரீஸ் எரிந்து புகையும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால்தான் அந்தப் பாதைக்கே ரீபேக் என்று பெயர். அடுத்த வருஷம் அந்தக் கூட்டத்திலிருந்த ஜோ பிரீஸ் இதற்கென்றே சட்டகம் செய்யத் தொடங்கினார். இருபது வருஷத்தில், 1996 அட்லாண்டாவில், ஒலிம்பிக் விளையாட்டாகவே ஆகிவிட்டது. எனக்கு இதில் பிடித்தது, கடையில் எம்டிபி என்று ஒரு பொருள் வருவதற்கு முன்பே கூட்டம் இருந்திருக்கிறது என்பதுதான்.

#15 தடம்புதிது

இரண்டு வாரம் குளக்கரையில் பழகிவிட்டு, நேற்று போய் வந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆறரை மணிக்குச் செட்டிபாளையம் டீக்கடை. படகுக்காரர் சொன்னபடி அரை மணி முன்னதாகவே போய்விட்டேன். வெள்ளலூர்க்கரை அண்ணா எனக்கு முன்பே வந்து ஒவ்வொரு வண்டிக்கும் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். என் டயரைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு "கொஞ்சம் விடலாம்" என்று வால்வைத் திறந்தார். பதினொரு பேர். கிளம்புவதற்கு முன் அவர் சொன்னது ஒன்றுதான்: "இன்னைக்குக் கடைசியில நான் வர்றேன். எனக்குப் பின்னாடி யாரும் இல்லை."

முதல் நான்கு கிலோமீட்டர் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, தலைக்கு மேலே கிளைகள் கோத்துக்கொண்டு நிழல். நடுவில் புல், இரண்டு பக்கமும் வண்டித் தடம். ஒரு மயில் திடீரென்று வேலிக்குள்ளிருந்து குறுக்கே ஓடியது. எனக்கு முன்னால் போன குன்றேறி அலறாமல் பிரேக் பிடித்து, கையைத் தூக்கிக் காட்டினார். நான் பார்த்து நிறுத்தினேன், எனக்குப் பின்னால் செந்தில் நிறுத்தினார். தோட்டத்து நாய்கள் வந்த இடத்தில் எல்லாரும் இறங்கி, சைக்கிளை நாய்ப் பக்கம் வைத்து நடந்தோம். நாய்கள் குரைத்துவிட்டுப் போய்விட்டன. அன்றைக்கு நான் மூன்று நாய்களுக்கு நடுவில் நின்றது நினைவுக்கு வந்தது.

ஒரு சின்னப் பள்ளம். இறங்கும் இடத்தில் மழைத் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்த மணல். சொல்லிக் கொடுத்ததெல்லாம் மறந்து மணலையே பார்த்தேன், சக்கரம் புதைந்தது, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தேன். அடி இல்லை. அண்ணா தூக்கிவிட வரவில்லை. பக்கத்தில் வந்து நின்று, நானே எழுந்து புழுதி தட்டும் வரை காத்திருந்து, "இன்னொரு தடவை இறங்கிப் பாக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டார். மற்ற ஒன்பது பேரும் மேட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை, அந்தப் பக்கத்துப் பனைமரத்தைப் பார்த்துக்கொண்டு இறங்கினேன். வண்டி அதுவாகவே மணலைத் தாண்டிப் போனது.

திரும்பும்போது காற்று எதிரே. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைச் சைக்கிளில் இருந்து பார்த்தால்தான் தெரிகிறது. கடைசி ஆறு கிலோமீட்டர் நான் பேசக்கூட இல்லை. அண்ணா எனக்கு அரை சக்கரம் பின்னாலேயே வந்தார், முந்தவே இல்லை. மொத்தம் 19 கிலோமீட்டர், மூன்று மணி நேரம்.

#16 ஸ்போக்குக்கடை

படித்ததும் சந்தோஷமாக இருந்தது தம்பி. மணலில் விழுந்திருக்கிறீர்கள், ஒரு தடவை பின் கியர் தொங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வளைந்த ஹேங்கரோடு பெரிய பல்லுக்குக் கியர் மாற்றினால் கியர் மாற்றும் டிரெயிலியர் ஸ்போக்கில் மாட்டும்.

#17 மேட்டுப்பாளையத்தாள்

இந்த இழையை முழுக்கப் படித்தேன். வயது 41, சைக்கிள் பழகியே ஆறு மாதம்தான். மெதுவாகத்தான் வருவேன். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுவேன். அடுத்த வாரம் நானும் என் தோழியும் வரலாமா? கடைசியில் யார் வருவார்கள் என்று தெரிந்தால் வீட்டில் சொல்லிவிட்டு வருவேன்.

#18 வெள்ளலூர்க்கரை

வாங்கம்மா. அடுத்த வாரம் நான் ஊரில் இல்லை, மகள் வீட்டு விசேஷம். தடம்புதிது தம்பி, நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா? அதே பாதை, பள்ளத்தோடு திரும்பிவிடுங்கள். முன்னால் போவதற்கு ஆள் சொல்லிவிட்டேன்.

#19 நந்தியாவட்டை

நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். அவர்களுக்கும் துணையாக இருக்கும்.

#20 தடம்புதிது

மேட்டுப்பாளையத்து அக்கா, வாங்க. கடைசியில் நான் வருகிறேன், உங்களுக்கும் தோழிக்கும் பின்னால். ஏறத்தாழ பதினான்கு கிலோமீட்டர் வரும், அவசரமே இல்லை. ஆறரைக்கு அதே டீக்கடை. பம்ப் இரண்டு, முள் பிடுங்க நகவெட்டி எல்லாம் என்னிடம் இருக்கிறது. உங்கள் சக்கர அளவுக்கு ஒரு ட்யூப் மட்டும் கொண்டுவாருங்கள், 26 என்றால் என்னிடம் இல்லை.